ஹெட்லைட் இரண்டும் எரிகின்றன என்பதற்கான அறிக்கை

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே முக்கால்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நன்றாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் அக்கா இதற்குள் மூன்று தடவை சொல்லியிருப்பாள். வாண்டுவுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா என்று தெரிவிக்கவும். மரியாதை விசாரிப்புகள் இத்துடன் முடிந்தன. விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஃபோனில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று நீங்கள் பின்வாங்கக் கூடாது. "மாப்ள, அந்தக் கார்ல ரெண்டு லைட்டும் எரியுதுன்னு எழுத்துல குடு. எதை மாத்தின, எப்படி மாத்தின, யார் பாத்தாங்க, எல்லாம் வேணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள என் கைக்கு வரலேன்னா புதன்கிழமை டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவேன்." போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்ட காகிதம்தான் வேண்டும் என்றீர்கள். தொழிற்சாலையில் நீங்கள் பாதுகாப்பு அதிகாரி, அங்கே ஏணியில் ஏறுகிறவன்கூட முதலில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏறுகிறான், தெரியும். மைத்துனன் ஏணி இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஏனென்றால் வெள்ளிக்கிழமை ரயிலில் நீங்கள் மூன்று பேரும் வந்து இறங்க வேண்டும், அதற்கு இந்தக் காகிதத்தை விட்டால் வேறு வழியில்லை என்று ஆக்கி வைத்திருக்கிறீர்கள்.

முதலில் நான்கு மாதத்துக்கு முன் நடந்ததைப் பற்றி என் தரப்பு. அன்றைக்கு உங்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வரும்போது ஒரு ஹெட்லைட் எரியவில்லை, உண்மை. எதிரே வந்த வேன்காரன் ஒற்றை விளக்கைப் பார்த்து டூவீலர் என்று நினைத்துக்கொண்டு நம் பங்குச் சாலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டான், அதுவும் உண்மை. நான் ஒதுக்கிய ஒதுக்கலில் கார், யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணலின் மேல் ஏறி நின்றது. முன் சக்கரம் இரண்டும் மேலே, நாம் நால்வரும் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வாண்டு "மறுபடி" என்றாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் மட்டும் இறங்கி, காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டீர்கள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த நோட்டை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை வருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை. ஒரு தடவை வாண்டுவுக்குப் பரீட்சை, ஒரு தடவை உங்களுக்குத் தணிக்கை, இரண்டு தடவையும் கடைசி வரியில் ஹெட்லைட். உங்கள் மூவருக்காக வாங்கிய மெத்தை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். முதல் மாதம் திடுக்கிட்டேன். இப்போது பழகிவிட்டது.

நான்கு மாதமாக ஏன் மாற்றவில்லை என்று கேட்டீர்கள். பதில் சாதாரணமானது. ஹெட்லைட் இருட்டிய பிறகுதான் தேவை. இருட்டிய பிறகு எனக்குப் போக ஓர் இடமும் இல்லை. கம்பெனியிலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறேன். அங்கேயும், உங்களுக்குத் தெரியும், சுவிட்சு சோதிக்கும் அறையில் நான் ஒருவன்தான். ஓர் இயந்திரம் ஒரு சுவிட்சை நாற்பதாயிரம் தடவை அழுத்துகிறது, அது எத்தனையாவது தடவையில் செத்துப்போகிறது என்று நான் எழுதுகிறேன். இதற்குப் பேச்சு தேவைப்படுவதில்லை. புகார் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாமே என்பீர்கள். நான்கு வருடம் மின்னியல் படித்தவன் இரண்டு பல்பு மாற்ற இன்னொருவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்பதா? தவிர, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை. நேற்று உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு பல்பு கேட்டேன். கடைக்காரர் வாயில் பேனாவைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போய்விடும் என்றார். இதற்குப் புள்ளிவிவரம் உண்டா என்று கேட்டேன். பேனாவை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு பல்பை மேஜைமேல் வைத்தார். இரண்டாகவே வாங்கிக்கொண்டேன். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, பிசுக்கு ஒட்டினால் அந்த இடம் சூடேறி என்று ஆரம்பித்தார், தெரியும் என்றேன். பேட்டரியின் கறுப்பு வயரை முதலில் என்றார், தெரியும் என்றேன். பொட்டலத்தை நீட்டும்போது கடைசியாக ஒன்று சொன்னார். "மாட்டி முடிச்சதும் வீட்ல யாரையாவது முன்னால நிக்கச் சொல்லி எரியுதான்னு பாருங்க. உள்ள உக்காந்திருக்கறவனுக்குத் தெரியாது. வீட்ல ஆள் இருக்காங்கல்ல?" இருக்கிறார்கள் என்றேன். அது பொய்தான், ஆனால் உங்களிடம் சொன்ன பொய் இல்லை, அதனால் இந்த அறிக்கையின் நம்பகத்தன்மையைப் பாதிக்காது.

இன்று காலை பத்து மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். கார்க் கையேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ரேடியோவில் நிலையம் மாற்ற ஒன்பது பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஹெட்லைட் பல்புக்கு ஒரே வரி: சேவை மையத்தை அணுகவும். மூடி வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். செத்துப்போனது இடது விளக்கு. இடது என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனின் இடது, காரைப் பார்த்து நிற்பவனுக்கு அது வலது கைப் பக்கம் வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே என் இடது கைப் பக்கம் போய், கனெக்டரை உருவி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விடுவித்து, கையுறை போட்ட விரலால் பழைய பல்பை எடுத்து, அலுவலகப் பழக்கத்தில் அதற்குப் 'பழுது' என்று ஒரு சீட்டும் ஒட்டி, புதியதை மாட்டி முடித்தேன். நான்கு நிமிடம். இதற்கா மனிதர்கள் மெக்கானிக்கிடம் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான், சீட்டு ஒட்டப்பட்டது அன்றைக்கு நம் உயிரைக் காப்பாற்றிய நல்ல பல்பு என்பது தெரிந்தது. அதற்காக நான் கலங்கவில்லை. எப்படியும் இரண்டையும் மாற்றுவதாகத்தானே இருந்தது.

அசல் இடது பக்கம்தான் வில்லங்கம். அங்கே விளக்குக்கு நேர் பின்னால் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவனுக்குக் கை இல்லையா, அல்லது கை இருக்கிற யாரும் இதைத் தொட மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டானா தெரியவில்லை. பேட்டரியைத் தூக்கிவிடலாம் என்றால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டு துருப்பிடித்து ஸ்பேனருக்கு அசைய மறுத்தது. கறுப்பு வயரைக் கழற்றிவிட்டேன் (நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்), பேட்டரிக்கும் விளக்குக் கூட்டுக்கும் நடுவில் இருந்த மூன்று விரல் இடைவெளியில் இடது கையை நுழைத்தேன். போனது. கண்ணால் பார்க்க வழியில்லை, எல்லாம் தடவித்தான். கனெக்டரை உருவினேன். ரப்பர் மூடி வந்தது. கையை வெளியே இழுத்தேன், வரவில்லை. கைக்கடிகாரத்தின் தோல்வார் அந்தத் துருப்பிடித்த போல்ட்டில் மாட்டிக்கொண்டது. மேலே இழுத்தால் வார் இறுகுகிறது, கீழே தள்ளினால் மணிக்கட்டு அறுபடுகிறது, வலது கையால் எட்டிப் பிடிக்கலாம் என்றால் உடம்பு அவ்வளவு வளையவில்லை. இந்த நேரம் பார்த்துத்தான் காரின் கூரைமேல் வைத்திருந்த ஃபோன் அடித்தது. பதினொன்று இருபது. நீங்கள். மூன்று தடவை அடித்தீர்கள். மூன்று தடவையும் உங்களுக்கென்று வைத்திருக்கும் மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டபடி குனிந்து நின்றேன். பிறகு அக்காவிடமிருந்து 'திமிரா?' என்று ஒரே ஒரு வார்த்தை செய்தி வந்திருந்தது. திமிர் இல்லை மாமா. கை மாட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் சொல்லிவிடவும்.

இருபத்தைந்து நிமிடம் அப்படி நின்றேன். தெருவில் ஆட்கள் போனார்கள், செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் என்னவென்று கூப்பிடுவது? இந்தத் தெருவில் பதினொரு மாதமாக இருக்கிறேன், யார் பெயரும் தெரியாது. 'சார்' என்றால் எந்த சார் திரும்புவார்? 'யாராவது இருக்கீங்களா' என்றால் ஏதோ பெரிய ஆபத்து என்று கும்பல் கூடிவிடும், பிறகு அத்தனை பேரிடமும் கைக்கடிகாரத்தை விளக்க வேண்டும். இதில் எது சரி என்று தீர்மானிக்க முடியாமல் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் பலம் காட்டுவதை விட்டுவிட்டுக் கையைத் தொங்கப் போட்டேன், அப்போது வாரின் ஊசி தானாக முறிந்து கை வெளியே வந்தது. கடிகாரம் உள்ளேயே எங்கோ இருக்கிறது. ஓடுகிற சத்தம் கேட்கிறது.

அடுத்தது கிளிப். தடவிப் பார்த்து அழுத்தினேன், அது வில்லிலிருந்து புறப்பட்டது மாதிரி துள்ளி பம்பருக்குள் விழுந்தது. கிளிப் இல்லையென்றால் பல்பு நிற்காது. அது இரும்பு, காந்தம் இருந்தால் எடுத்துவிடலாம். வீட்டில் இருந்தது ஒரே காந்தம்தான், ஃபிரிட்ஜ் கதவில் வாண்டுவின் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. போன தடவை வந்தபோது அவள் வரைந்த கார், ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிற கார். படத்தை மடக்காமல் மேஜையில் வைத்துவிட்டுக் காந்தத்தை நூலில் கட்டி பம்பருக்குள் இறக்கினேன். ஒரு பழைய ஆணி வந்தது, ஒரு நட்டு வந்தது, எப்படி உள்ளே போனதென்று தெரியாத ஒரு ஹேர்பின் வந்தது, பதினேழாவது இறக்கத்தில் கிளிப் வந்தது. அக்காவின் ஹேர்பின்தான் என்று நினைக்கிறேன். எடுத்து வைத்திருக்கிறேன். புதிய பல்பை உள்ளே விட்டு, தடவித் தடவி உட்கார வைத்து, கிளிப்பை மாட்டி, மூடியை அழுத்தி, கனெக்டரைச் செருகி, பேட்டரியின் கறுப்பு வயரைத் திரும்ப மாட்டியபோது மணி இரண்டரை. சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு மறந்துவிட்டது.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட 'யார் பார்த்தார்கள்' பகுதி. மாமா, படிப்பில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்று இது. ஒருவன் தனியாக ஹெட்லைட்டைக் கழற்றலாம், மாட்டலாம், கையைச் சிக்கவைத்துக்கொள்ளலாம், மீளலாம். எரிகிறதா என்று தனியாகப் பார்க்க முடியாது. சுவிட்சு உள்ளே இருக்கிறது, விளக்கு வெளியே இருக்கிறது. உள்ளே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து பார்க்கலாம் என்பீர்கள், பார்த்தேன். ஆனால் பெரிய வெளிச்சத்துக்கு ஸ்டியரிங் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அணைந்துவிடும் வகை இது. கம்பியை இழுத்துக்கொண்டு எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் என் காரின் முகம் எனக்குத் தெரியவில்லை. குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து எதிரே சாய்த்தேன், அதில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கழுத்தை நீட்டும் ஒரு முகம்தான் தெரிந்தது. பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஃபோனை நிறுத்தி வீடியோ போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சின்ன வெளிச்சம், பெரிய வெளிச்சம், இடது, வலது என்று ஒழுங்காக எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். போய்ப் பார்த்தால் ஃபோன் சரிந்து விழுந்து ஏழு நிமிடமும் மேகத்தைப் பதிவு செய்திருக்கிறது. படம் இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது. அதில் என் குரல். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு, என்னை அறியாமல், ஒவ்வொரு தடவையும் "எரியுதா?" என்று கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, யாரோ பதில் சொல்லப் போகிறார்கள் என்பது போல நிறுத்தி நிறுத்திக் காத்திருந்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன். பதினான்கு தடவை கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல வாளிதான் இருந்தது. அந்த வீடியோவை அழித்துவிட்டேன். தேவைப்பட்டாலும் தர இயலாது.

இனி என்ன செய்வது என்று தெரியாமல் கம்பியை இழுத்தபடியே உட்கார்ந்திருந்தேன். வானம் நாலு மணிக்கே மூடிக்கொண்டு தெரு மங்கலாகிவிட்டது. அப்போது எதிர்வீட்டு மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. அங்கே ஒரு தையல்காரம்மா இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். அவருடைய மெஷின் சத்தம் எனக்குப் பதினொரு மாதமாகப் பழக்கம், முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். "யாருப்பா அது, என் ஜன்னலுக்குள்ள லைட் அடிக்கிறது? ஊசில நூல் கோக்கவா வேணாமா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவசரத்தில், வெளிச்சம் ஜன்னலில் எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்று கேட்டுவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் ஜன்னலை என் முகத்தில் சாத்தியிருப்பார்கள். அவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, "கீழ்ச் சட்டத்துலருந்து ரெண்டே கால் அடி. எதுக்கு?" என்றார். மாமா, அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது.

கழுத்தில் டேப்போடு இறங்கி வந்தார். வாசலில் நின்று என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ பேசுவியா?" என்றார். பேசுவேன் என்றேன். "நாங்க உன்னைப் பூட்டுன்னுதான் சொல்லுவோம்." ஏன் பூட்டு என்று கேட்டேன். "காலைல பூட்டு தொங்கும், நீ கெளம்பிட்டேன்னு அர்த்தம். சாயங்காலம் பூட்டு இருக்காது, வந்துட்டேன்னு அர்த்தம். உன்னைப் பத்தி வேற என்ன தெரியும் எங்களுக்கு?" ஹெட்லைட் விவரத்தைச் சொன்னேன். உங்கள் நிபந்தனையையும் சொன்னேன். மச்சினனிடம் எழுதி வாங்குகிற மாமாவை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார். (அவர் சொன்னதை நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்.) பிறகு, "சரி, உள்ள போய் உக்காரு, நான் சொல்றேன்" என்று காருக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார்.

சுவிட்சைப் போட்டேன். "எரியுதா?" என்றேன். "எரியுது" என்றார். இந்த இடத்தில் ஒரு சின்னத் தாமதம் ஏற்பட்டது, ஒரு நிமிடம் இருக்கலாம், குறிப்பிட்டுச் சொல்லும்படியான தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. நான் அடுத்த சுவிட்சைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து பானெட்டில் தட்டினார். "என்னப்பா, தூங்கிட்டியா? எரியுதுன்னு சொல்றேன்ல?"

எரிந்தது, ஆனால் கோணல். வலது வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஒழுங்காக விழுகிறது, இடது மட்டும் எகிறி மாடி ஜன்னலுக்குப் போகிறது. தையல்காரம்மா பார்த்த உடனே, "இடது தோள் ஏறியிருக்கு. சட்டைன்னா பிரிச்சுத் தெச்சுக் குடுத்துடுவேன். இதை நீதான் பிரிக்கணும்" என்றார். சரியான கணிப்பு. பல்பின் கழுத்தில் மூன்று காது இருக்கிறது, மூன்றும் அதனதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். தடவி மாட்டியதில் ஒன்று வெளியே நின்றுவிட்டது. மறுபடியும் அந்த மூன்று விரல் சந்துக்குள் கை. இந்தத் தடவை அவர் துணி வெட்டும் கத்திரியின் பிடியால் வயர்களை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார், இடம் கிடைத்தது, கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டு நிமிட வேலை. காலையில் எனக்கு நாலரை மணி நேரம் ஆனது இதே வேலைதான். பிறகு அவர் சுவரில் தையல் சாக்பீஸால் கோடு போட்டார், டேப்பை வைத்துத் தரையிலிருந்து அளந்து சொன்னார், நான் விளக்கின் பின்னால் இருக்கும் திருகை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்பினேன். ஃபோனில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது, அதன்படி கார் சமமாக நிற்கிறது என்றேன். உன் வாசல் சரிவு, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தினமும் மாடியிலிருந்து பார்க்கிறவள் நான், ஃபோன் பார்க்கிறதா என்றார். காரை இரண்டடி பின்னால் எடுத்து மறுபடி பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி.

யார் வரப்போகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். வாண்டுவுக்கு என்ன வயது என்று கேட்டார். ஏழு என்றேன். துண்டுத் துணி நிறைய கிடக்கிறது, ஒரு கவுன் தைக்கலாம், உயரம் என்ன, தோள் என்ன என்று கேட்டார். தெரியவில்லை. சுவிட்சுக் குமிழின் அளவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை சொல்ல முடிகிற எனக்கு அவள் என் இடுப்புவரை இருப்பாளா, அதற்கு மேலா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. போன தடவை பார்த்த உயரம் இப்போது இருக்காதே. வந்ததும் அளந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் இப்போது உங்கள் வருகைக்கு இரண்டு பேர் காத்திருக்கிறோம்.

சாட்சிக் கையெழுத்து இணைக்கப்பட்டுள்ளது. அவரிடம் வேறு காகிதம் இல்லாததால் அளவு குறிக்கும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். 'தோள்' என்று அச்சடித்த இடத்தில் 'இடது 2 அடி 1 அங்குலம், வலது 2 அடி 1 அங்குலம்' என்று இருப்பதுதான் வெளிச்சத்தின் உயரம். 'ரெண்டும் எரியுது, நான் பார்த்தேன்' என்பதும் அவர் கையெழுத்துதான். அதற்குக் கீழே, 'பையன் போட்டிருக்கும் சட்டை இரண்டு அளவு பெரியது. துணி பெருகாது, ஆள்தான் இளைத்திருக்கிறான்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அது நான் கேட்காமல் எழுதியது, விளக்குக்குச் சம்பந்தமில்லாதது. அக்காவிடம் அந்த வரியைக் காட்ட வேண்டாம்.

முடிவாக. இரண்டு பல்பும் புதியவை, இரண்டும் எரிகின்றன, இரண்டும் ஒரே உயரத்தில் எரிகின்றன. இனி எந்த வேன்காரனும் நம்மை டூவீலர் என்று நினைக்க முடியாது. இதற்கு மேலும் உங்களுக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது என்பதால் எங்கள் கம்பெனி முறையையும் பின்பற்றியிருக்கிறேன். அங்கே ஒரு விளக்கை மாற்றினால் மூன்று மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டுப் பார்த்த பிறகுதான் 'தேறியது' என்று முத்திரை குத்துவோம். தையல்காரம்மா மாடிக்குத் திரும்பிய ஐந்தரை மணியிலிருந்து ஹெட்லைட் இரண்டையும் போட்டு வைத்திருக்கிறேன். எழுதுகிற மேஜையிலிருந்து தலையைத் தூக்கினால் ஜன்னல் வழியாக எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சம் தெரிகிறது. வாசலில் யாரோ வண்டியில் வந்து நின்ற மாதிரி இருக்கிறது. சோதனை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, ஆனால் முடிவு தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை இரவு ஏழு பத்துக்கு ரயில் வருகிறது, ஆறரைக்கே பிளாட்பாரத்தில் நிற்பேன். டிக்கெட்டில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்கிறேன் என்பது எனக்கு வராத வார்த்தை என்று அக்கா சொல்வாள். எழுதிவிட்டேன், அடிக்கவில்லை, பார்த்துக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் அன்பு. அந்த ஒற்றை வார்த்தைச் செய்திக்கும் சேர்த்து. வாண்டு நன்றாகப் படித்து, நன்றாக வளர்ந்து, மாமன் காரை ஏற்றிய மணல் குவியலை மறக்காமல் இருக்க என் ஆசி. உங்களுக்கு என் பணிவான வணக்கம். உங்கள் தொழிற்சாலையில் ஏணியில் ஏறுகிற அத்தனை பேரும் பத்திரமாக இறங்கட்டும்.

இப்படிக்கு,
அறிக்கைக்கு முழுப் பொறுப்பேற்கும்
உங்கள் மைத்துனன்
(கையெழுத்து)

பி.கு.: மணி எட்டு நாற்பது. கவரை ஒட்டுவதற்கு முன் முத்திரை குத்துவது மாதிரி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வெளியே போனேன். சுவரில் வெளிச்சம் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது, நான் பார்க்கப் பார்க்க அதுவும் போய்விட்டது. கம்பெனியில் சோதனை மேஜைக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. காருக்கு பேட்டரியிலிருந்து வருகிறது. எஞ்சினை ஓட்டாமல் மூன்று மணி நேரம் ஹெட்லைட்டை எரியவிட்டால் பேட்டரி என்ன ஆகும் என்பது முதல் வருடப் பாடம், அதில் நான் தொண்ணூற்றெட்டு வாங்கியவன். சாவியைத் திருப்பினால் டிக் என்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான்கு வருடப் பழைய பேட்டரி. நாளைக்குச் சார்ஜ் ஏற்றிவிடலாம், ஆனால் ஒரு தடவை அடியோடு இறங்கியதை நம்பி ஏழு வயதுக் குழந்தையை ஏற்றலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். புதியது வாங்கி, அதற்கொரு அறிக்கை எழுதி, அது உங்கள் கைக்கு வருவதற்குள் புதன்கிழமை போய்விடும்.

சொல்லாமல் ஒட்டி அனுப்பியிருக்கலாம். தையல்காரம்மா கையெழுத்துப் போட்ட சீட்டை ஒரு பொய்யோடு சேர்த்துப் பின் அடிக்க மனம் வரவில்லை. ஆகவே மேலே உள்ள அறிக்கை முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். காரை மறந்துவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர், என் நடைக்கு நாற்பது நிமிடம், வாண்டு நடைக்கு ஒரு மணி நேரம். டார்ச் வாங்கி வைக்கிறேன், பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன், அவளுக்குக் கால் வலித்தால் அவளையும். வர முடியுமா, முடியாதா என்பதை எழுத்தில் தர வேண்டாம். ஃபோன் பண்ணுங்கள். எந்த நேரமானாலும் சரி, முதல் மணியிலேயே எடுப்பேன்.